பன்னிரண்டு இடது கால்கள்

சுவாமி முழங்காலில் நின்றபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கையில் தண்ணீர்ச் செம்பு. கீழே வெள்ளைப் பேசின். பேசினுக்கு மேலே என்னுடைய கால்.

நான் நீட்டியிருந்தது இடது கால்.

ஆண்டவர் சீஷரின் கால்களைக் கழுவினதை நினைத்து, பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேருக்குப் பாதிரியார் கழுவுவது வலது காலைத்தான். எங்கள் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஊரில் அப்படி, ஒஸ்லோவிலும் அப்படி. வலது சப்பாத்தைக் கழற்றி, காலுறையைச் சப்பாத்துக்குள் திணித்து, காற்சட்டையை ஒரு மடிப்பு மடித்துவிட்டு அப்போஸ்தலர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைக்கூட நான் பிழையாகச் செய்துவிட்டேன் என்று கோயில் முழுக்க நினைத்தது.

தூணோரம் நின்ற றெஜி, பூசை ஒழுங்குகளுக்குப் பொறுப்பானவன், பல்லைக் கடித்துக்கொண்டு "வலது, வலது" என்றான். பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண்குரல், "அந்தாளுக்கு இண்டைக்கு என்னவாம்?" என்று கேட்டது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் மனைவி ஸ்ரெல்லாவினுடையது.

நான் காலை மடக்கவில்லை.

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும், நான் வீரன் இல்லை. ரி-பானே ரயிலில் பரிசோதகரைக் கண்டதும் செல்லுபடியான ரிக்கற்றைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்கி ஓடியவன். அப்படிப்பட்டவன் ஒரு கோயிலையே எதிர்த்துக்கொண்டு ஒரு காலை நீட்டிக்கொண்டிருந்தான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

காரணம் எனக்கு நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தது.

அண்ணையின் சப்பாத்து

அவரை அல்போன்ஸ் அண்ணை என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய பெயர் இல்லை. இப்போது அவர் துரொண்ட்ஹெய்மில் மகளோடு இருக்கிறார். இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன். "எழுது. பேரை மாத்து. கோலை மாத்தாதை" என்றார்.

ஆகவே கீழே வருவதில் கோல் சத்தியம்.

அந்தக் காலத்தில் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு அவர்தான் எல்லாம். கோடைச் சுற்றுப்போட்டி ஒன்றில், மழையில் ஊறிய புல்லில், இடப்பக்க விளிம்பிலிருந்து வலது காலால் வளைத்து ஒரு பந்து அடித்தார். அது கோல்காப்பாளரைச் சுற்றிப்பார்த்துவிட்டு மேல்மூலைக்குள் போனது. இன்றைக்கும் கலியாண வீடுகளில் இரண்டாம் சுற்று ஊற்றப்பட்டதும் யாராவது எழும்பி அந்தப் பந்து போன பாதையைக் கையால் காட்டுவார்கள். நானும் அன்றைக்கு அதே கழகத்தில்தான் இருந்தேன். இடைவேளையில் ஆட்டக்காரருக்குத் தோடம்பழம் வெட்டிக்கொடுக்கிற பகுதியில்.

அந்த வலது காலின் பெருவிரலையும் பக்கத்து விரலையும் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கொண்டுபோய்விட்டது.

சின்னப் புண்தான். முந்திய குளிர்காலம் முழுக்கத் தடித்த சப்பாத்துக்குள் கிடந்தது. நோகவில்லை, அதனால் அவர் குனிந்து பார்க்கவுமில்லை. பார்த்தபோது டொக்ரர்மார்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அண்ணி காலமாகிச் சில வருஷமாகியிருந்தது. மகள் தூரத்தில். ஆஸ்பத்திரியால் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான்.

காரில் ஏறி, காலை மெல்ல உள்ளுக்கு எடுத்துவைத்துவிட்டுச் சொன்னார்:

"உனக்கும் பிள்ளைக்கும்தான் தெரியும். இன்னொரு ஆளுக்குத் தெரிஞ்சால் அது உன்ர வாயாலதான் போயிருக்கும்."

"என்னண்ணை நீங்கள். வருத்தம் ஆருக்குத்தான் வாறேல்லை?"

"வருத்தம் வாறதுக்கு எனக்குப் பயமில்லையடா. ஆக்கள் வாறதுக்குத்தான் பயம்."

பிறகு கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு, "இனி என்னைக் கண்டால் காலைத்தான் பாப்பாங்கள். பாத்துப்போட்டு 'பாவம்' எண்டுவாங்கள். நான் பாவமாய் இருக்க வெளிக்கிட்டு இந்த நாட்டுக்கு வரேல்லை" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். அது எனக்கு இயல்பான காரியம் இல்லை என்பதை இந்தப் பக்கங்களே சொல்லும்.

என் மூலமும் ஒஸ்லோ மாநகரமும்

அண்ணை சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. ஏனென்றால் அதற்குக் கொஞ்ச காலம் முன்னர் எனக்கு மூலத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்தது.

நான் யாருக்கும் சொல்லவில்லை. ஸ்ரெல்லாவும் சொல்லவில்லை என்று மாதாவின் மேல் சத்தியம் செய்கிறாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு கோயிலுக்குள் நான் காலெடுத்து வைத்ததும், வாசலில் நின்ற ஒருவர் மிகுந்த பரிவோடு, "இருக்க ஏலுமோ?" என்று கேட்டார். கோயில் முழுக்கத் திரும்பி நான் எப்படி உட்காருகிறேன் என்று பார்த்தது. நான் இருந்தேன். வதைபட்ட வேதசாட்சிகள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பூசை முடிந்து தேத்தண்ணி வரிசையில் ஒரு அன்ரி கரணைக்கிழங்கின் மகிமையைச் சொன்னா. இன்னொரு அன்ரி அவித்துச் சாப்பிடச் சொன்னா, முதலாமவ பொரிக்கச் சொன்னா. இருவருக்கும் இடையில் என்னுடைய மூலத்தை வைத்து ஒரு விவாதம் நடந்தது. நான் நடுவில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவர் வீட்டுக்கே வந்து நடுவில் ஓட்டையுள்ள ஒரு குஷன் தந்துவிட்டுப் போனார்.

ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் இதில் களைப்பான விஷயம். கெட்டவர்கள் என்றால் கோபித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இவர்கள் அன்பானவர்கள். உங்களுக்கு எது நோகிறதோ அதை எல்லாருக்கும் முன்னால் எடுத்து வைத்துத் தடவிக் கொடுப்பார்கள். நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். அங்கே அறையைத் தட்டிப்போட்டு, பதில் வந்த பிறகுதான் உள்ளே போவோம். உள்ளே இருப்பவருக்குத் தட்டியது கேட்காது, பதில் சொல்லவும் வராது என்று தெரிந்தாலும் தட்டுவோம், கொஞ்சம் நிற்போம். தொடக்கத்தில் எனக்கு இது தேவையில்லாத விசர்வேலையாகப் பட்டது. குஷன் வந்த பிறகு அப்படிப் படவில்லை.

வெஸ்ட்லிக்கு ஒருவர்

குருத்தோலை ஞாயிறு பூசை முடிவில் றெஜி மைக்கைப் பிடித்தான். பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவப்படப்போகிறவர்களின் பெயர்களை வாசித்தான்.

எங்கள் வழக்கம், ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் குடியிருக்கிற இடத்துக்கு ஒருவர். இல்லாவிட்டால் "எங்கட பக்கத்தில காலில்லாத ஆக்களே இருக்கினம்?" என்று சண்டை வரும். நான் இருக்கிற அம்மருட்டுக்கு என்னைப் போட்டிருந்தார்கள். அம்மருட்டில் மற்ற எல்லாரும் முந்திய வருஷங்களில் கழுவப்பட்டு முடிந்திருந்தார்கள்.

"வெஸ்ட்லியிலயிருந்து, எங்கட அல்போன்ஸ் அண்ணை."

ஒரு மெல்லிய சந்தோஷ முணுமுணுப்பு. இரண்டு பேர் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். கையிலிருந்த குருத்தோலையை மடித்து, திரும்பவும் மடித்து, விரலளவாக்கிவிட்டார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மைக்கில் பெயர் வாசித்த பிறகு மறுக்க முடியாது. மறுத்தால் காரணம் கேட்பார்கள். காரணம் சொல்லாவிட்டால் தாங்களே ஒன்று கண்டுபிடிப்பார்கள். ஒருமுறை ஒருவர் கூச்சத்தில் மாட்டேன் என்றதற்கு, அவர் சுவாமியோடு கோபம், பாவசங்கீர்த்தனம் செய்து வருஷக்கணக்கு, வீட்டில் ஏதோ பிரச்சினை என்று கதை பாஸ்காத் திருநாள் முடியுமுன்னரே பேர்கன் நகரம்வரை போய்விட்டது.

கார் நிறுத்துமிடத்தில் ஸ்ரெல்லா யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றாள். நானும் அண்ணையும் காருக்குப் பக்கத்தில். ஐஸில் வழுக்காமலிருக்கக் கொட்டிய சல்லிக்கல் இன்னும் கூட்டி அள்ளப்படாமல் காலடியில் நொறுநொறுத்தது.

"காய்ச்சல் எண்டு படுக்கட்டே?" என்றார்.

"படுத்தால் எல்லாரும் சூப்போட வருவினம்."

"ஓம், வருவாங்கள்." கொஞ்சம் யோசித்தார். "துரொண்ட்ஹெய்முக்குப் போயிட்டால்?"

"பிள்ளை பாஸ்காவுக்கு இஞ்சை வருதெண்டு நீங்கள்தானே போன கிழமை தேத்தண்ணி வரிசையில சொன்னனீங்கள்."

"அதைக் கேட்டுக்கொண்டு நிண்டவங்கள் எத்தினை பேர்?"

"வரிசை முழுக்க."

நான் மெல்ல, "சுவாமியிட்டச் சொல்லுவமே? இடது காலைக் கழுவுவார், முடிஞ்சுது" என்றேன்.

அண்ணை என்னைப் பார்த்த பார்வையில், கழகத்தில் நான் ஏன் தோடம்பழப் பகுதியில் இருந்தேன் என்பது எனக்கே விளங்கியது.

"சுவாமி நல்ல மனிசன். உருக்கமாய்ப் பிரசங்கம் வைப்பார். 'எங்கள் மத்தியிலே ஒரு சகோதரர்' எண்டு தொடங்குவார். பேர் சொல்லார். பேர் சொல்லாட்டித்தான் எல்லாருக்கும் விளங்கும். அதோட, பதினொரு வலது காலுக்கு நடுவில ஒரு இடது கால் நீட்டினால் கண் எங்கையடா போகும்?"

கடைசியில், "வியாழக்கிழமை வாறன். வாறது வரட்டும்" என்றார். எதிரணி நான்கு கோல் போட்ட பிறகும் விட்டுக்கொடுக்காமல் விளையாடுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

முதல் நாற்காலி

பெரிய வியாழன் இங்கே விடுமுறை. நோர்வேக்காரர் ஒரேஞ்சும் சொக்லேற்றும் கட்டிக்கொண்டு மலைவீடுகளுக்குப் போய்விடுவார்கள். நகரம் வெளிநாட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது மாதிரிக் கிடக்கும். முதியோர் இல்லங்களில் படுக்கைவிரிப்புகளுக்கு விடுமுறை கிடையாது. நான் விடியற்காலையில் போய், நாள் முழுக்க நின்று, ஈரத்துணி தள்ளி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, குளித்து, அண்ணையை ஏற்றிக்கொண்டு ஸ்ரெல்லாவோடு கோயிலுக்குப் போனேன்.

வழி முழுக்க, ஏதாவது ஒரு யோசனை வரும் என்று இருந்தேன். எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

பீடத்துக்கு முன்னால் நாற்காலிகள் வரிசையாக. எல்லாரும் நடுவில் இருக்கத் தள்ளுப்பட்டுக்கொண்டு நின்றார்கள். முதல் நாற்காலி வெறுமையாக இருந்தது. அது எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். அதில் இருப்பவனுக்கு எப்போது சப்பாத்தைக் கழற்றுவது, எப்போது காலை நீட்டுவது என்று பார்த்துச் செய்ய முன்னால் ஆள் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் செய்வார்கள். எழும்புவதும் அப்படி, முழங்காலிடுவதும் அப்படி. நோர்வேக்கு வந்ததே அநேகர் அப்படித்தான்.

அப்போதுதான், அந்தக் கொட்டாவிக்கு நடுவில், எனக்கு ஒரு யோசனை வெளித்தது.

நான் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் நிம்மதி. றெஜிகூட நன்றியோடு தலையாட்டினான், பாவம். அண்ணை ஐந்தாவதில் போய் இருந்தார். இரண்டு சப்பாத்தும் இறுக்கிக் கட்டியபடி. இரண்டு கையும் முழங்காலில்.

பிரசங்கம் முடிந்தது. சுவாமி மேலாடையைக் கழற்றி, துவாயை இடுப்பில் கட்டத் தொடங்கினார். நான் குனிந்து, கோயில் முழுக்கத் தெரியக்கூடியதாக, ஆறுதலாக, இடது சப்பாத்தைக் கழற்றினேன்.

இரண்டாவது ஆள் ஏற்கெனவே வலது காலுறைவரை வந்திருந்தார். என் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவசரமாக வலதைத் திரும்பப் போட்டு இடதைக் கழற்றினார். மூன்றாவது ஆள் அவரைப் பார்த்து. நான்காவது ஆள் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் கழற்றிவிட்டு, பிறகு ஒன்றைப் போட்டார். றெஜி தூணோரம் நின்று கையால் எதையோ வெட்டிக்காட்டினான். நான் சிலுவையில் பாடுபட்ட ஆண்டவரின் சுரூபத்தைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓரக்கண்ணால் ஐந்தாவது நாற்காலியைப் பார்த்தேன். அண்ணை அசையவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஆறாவது, ஏழாவது ஆட்களும் இடது சப்பாத்துக்குக் குனிந்துவிட்டார்கள். அப்போதுதான் அண்ணையின் கை முழங்காலிலிருந்து எழும்பி, இடது சப்பாத்தின் முடிச்சுக்குப் போனது. மெல்ல மெல்ல அவிழ்த்தார்.

கழுவின கால்

இப்போது தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம். சுவாமி என்னைப் பார்க்கிறார். றெஜி "வலது" என்கிறான். ஸ்ரெல்லா எனக்கு என்னவாம் என்று கேட்கிறாள்.

சுவாமி மெதுவாக, உதடு அசையாமல், "மற்றக் கால்" என்றார்.

நான் இப்போது காலை மாற்றினால் பன்னிரண்டு பேரும் மாற்றுவார்கள். பன்னிரண்டாமவர்வரை சரவெடி மாதிரிப் போய்விடும்.

"சுவாமி," என்றேன், அவருக்கு மட்டும் கேட்க, "வீட்டில கழுவிக்கொண்டு வந்தது இதைத்தான்."

அவருடைய வாய் ஒரு பக்கம் துடித்தது. அவர் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பார்த்தவர்களுக்கு அது உருக்கமாகத் தெரிந்திருக்கும். பிறகு என் இடது காலில் தண்ணீர் விழுந்தது. மெல்லிய சூடு. நாள் முழுக்க நின்ற கால் அது. பக்தி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு அழுகை வந்தது. களைப்பாகவும் இருக்கலாம்.

சுவாமி ஒவ்வொருவராகப் போனார். இடது, இடது, இடது. ஐந்தாவதிலும் இடது. ஊற்றினார், துடைத்தார், முத்தமிட்டார், அடுத்தவரிடம் போனார். கோயிலில் ஒரு கண்ணும் அங்கே நிற்கவில்லை. எல்லாக் கண்ணும் என்மேல்தான் இருந்தது, இந்த மடையனாலதான் எல்லாம் என்று.

அன்றைய சுவிசேஷத்தில் ஆண்டவர் சீஷரின் கால்களைக் கழுவும்போது, எல்லாரும் சுத்தமாயில்லை என்கிறார். யார் என்று சொல்லவில்லை. யூதாசின் காலையும் மற்றக் கால்கள் மாதிரியேதான் கழுவியிருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தவனுக்கும் தெரியாமல். வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். அந்த இடம் அன்றைக்குத்தான் காதில் ஏறியது.

தேத்தண்ணி

பூசை முடிந்து மண்டபத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம்.

"என்ன காணும், இத்தினை வருஷம் நோர்வேயில கார் ஓடுறீர். வலது எது எண்டு தெரியாமலோ லைசென்ஸ் தந்தவங்கள்?"

"நான் எப்பவும் நேராய்த்தான் போறனான்" என்றேன்.

"விசரா, உன்னால எல்லாரும் குரங்கு மாதிரி காலை மாத்தி மாத்தி" என்றான் றெஜி. அவனுக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. பீடச்சிறுவர்களோடு மூன்று முறை ஒத்திகை பார்த்தவன். "அடுத்த வருஷம் உன்னைக் கதவுக்கு வெளியில நிப்பாட்டுறன்."

எல்லோரையும் விடச் சத்தமாக ஸ்ரெல்லா. "வீட்டிலயும் இப்பிடித்தான். ஒண்டு சொன்னால் ஒண்டு செய்வார். இந்தாளைக் கட்டி நான் படுறபாடு அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும்." அவள் சொல்லச் சொல்ல, கூட்டம் கூடியது. போன மாதம் நான் உப்புக்குப் பதிலாகச் சீனி போட்ட கதை வந்தது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதை வந்தது. அவ்வளவு மும்முரமாக அவள் என்னை ஏசி நான் கண்டதில்லை.

அண்ணையும் சேர்ந்துகொண்டார். "இவன் கழகத்திலயும் இப்பிடித்தான். தோடம்பழத்தைக்கூட நேராய் வெட்டத் தெரியாது." எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் உடனே எழும்பி அந்தக் கோல் போன பாதையைக் கையால் காட்டினார். அண்ணை கோப்பையைப் பிடித்துக்கொண்டு, பழைய ஆளாக, திருத்தம் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் உயர."

நானும் சிரித்தேன். சிரிக்கிற தசைகள் நொந்தன. பகிடிக்காரனாக இருப்பதில் ஒரு வசதி, நீங்கள் என்ன செய்தாலும் யாரும் காரணம் தேடமாட்டார்கள். அதுவே சில நேரம் உங்களைக் கொஞ்சம் தனியாக விட்டுவிடும்.

பின்சீற்

வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஸ்ரெல்லா காரின் முன்கதவைத் திறந்தாள். ஏறவில்லை.

"அண்ணை, நீங்கள் முன்னுக்கு இருங்கோ. எனக்கு இண்டைக்கு இந்தாளுக்குப் பக்கத்தில இருக்க விருப்பமில்லை."

"சீச்சீ, நீர் இரும் பிள்ளை."

"சொன்னால் இருங்கோவன்."

குனிந்து, சீற்றுக்குக் கீழே கையை விட்டு, அதைப் பின்னுக்குத் தள்ளினாள், போகக்கூடிய கடைசிவரை. பிறகு கதவை அவருக்குப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். அண்ணை ஏறி, வலது காலை நீட்டி வைத்தார். அவருடைய மூச்சு மெல்ல இறங்குவது கேட்டது.

நான் சாவியைத் திருப்பாமல் இருந்தேன். ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்த போதெல்லாம், ஸ்ரெல்லா வாசலுக்கு ஓடிப்போய், "அண்ணை, சப்பாத்தோட வாங்கோ, நிலம் ஊத்தை" என்று சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுவாமியே வந்தாலும் சப்பாத்தை வாசலில் கழற்ற வைக்கிறவள் அவள்.

வெஸ்ட்லியில் காரை நிறுத்தினேன். அண்ணை இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். என்னிடம் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்குச் சிலுவைப்பாதைக்கு எத்தினை மணிக்கு வாறாய்?"

"வழமை மாதிரி அண்ணை."

"சரி." கையை உயர்த்திவிட்டு, நடந்து போனார். நாங்கள் இருவரும் அவர் நடப்பதைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"முன்னுக்கு வாறீரோ?" என்றேன்.

"வேண்டாம். அலுப்பாய்க் கிடக்கு. இப்பிடியே போங்கோ."

கண்ணாடியில் பார்த்தேன். தலையை யன்னலில் சாய்த்து, கண்ணை மூடியிருந்தாள்.

"ஸ்ரெல்லா, உமக்கு..."

"என்னட்ட ஒண்டும் கேக்காதேங்கோ," என்றாள், கண்ணைத் திறக்காமல். "நானும் உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லைத்தானே."